தாம்பரம் சென்னையில்தான் இருக்கிறதா? வந்து தங்குவோரை முன்வைத்து ஓர் ஆய்வு

விருந்தினரைப் பற்றித் தமிழில் எழுதியவர்களுக்குப் பஞ்சமில்லை. திருவள்ளுவர் ஒரு முழு அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அந்தப் பத்துக் குறளிலும் விருந்தினர் எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடுகிறார். ஒரே ஒரு குறளில் மட்டும் வீட்டுக்காரர் அடுத்து வரும் விருந்தை எதிர்பார்த்து நிற்கிறார். எந்த நிறுத்தத்தில் நிற்கிறார், கிழக்குத் தாம்பரத்திலா மேற்கிலா என்கிற விவரம் இல்லை. உரையாசிரியர்களும் அதைத் தொடாமல் போய்விட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நமது கருதுகோள் எளியது. விருந்தினரை வரச் சொல்லும்போது தாம்பரம் சென்னையில் இருக்கிறது. வந்தவர் "மெரினாவுக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வந்துரலாமா?" என்று கேட்ட மாத்திரத்தில் அது செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. இந்த இடப்பெயர்ச்சி நிலநடுக்கமோ அரசாணையோ இல்லாமல், ஹாலில் சோபாவில் உட்கார்ந்தபடியே நிகழ்வதுதான் ஆய்வாளரை வியக்க வைப்பது.

இதை வீட்டுக்காரரின் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. இரு தரப்புக்கும் ஆவணம் இருக்கிறது. அஞ்சல் துறையைக் கேட்டால் மேற்குத் தாம்பரம் சென்னை 600045, கிழக்குத் தாம்பரம் சென்னை 600059. தொலைபேசிக்கு 044, அதுவும் சென்னைதான். மாவட்ட ஆட்சியரைக் கேட்டால் 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்த செங்கல்பட்டு மாவட்டம். மாநகராட்சியைக் கேட்டால், 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு தாம்பரமே 70 வார்டுகளோடு தனி மாநகராட்சி ஆகிவிட்டது. போலீசுக்கும் 2022இலிருந்து தாம்பரத்துக்கென்று தனி ஆணையர். நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில் போய் நிற்கிறது. வண்டிக்கு டிஎன் 11. இத்தனை அலுவலகங்கள் கூடி முடிவு செய்ய முடியாத ஒன்றை, தூத்துக்குடியிலிருந்து வந்த பெரியப்பாவிடம் நம்மூர்க்காரர் சமயத்துக்குத் தகுந்தபடி சொல்கிறார் என்றால், அவரைக் குறை சொல்ல ஆய்வு நெறி இடம் தராது.

இனி வரலாறு. இவ்வட்டாரத்துக்கு வந்து தங்கிய முதல் விருந்தினர் யார் என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியல் அங்கிருந்துதான் தன் கற்காலக் கணக்கைத் தொடங்குகிறது. தொல்லியலார் அதை ஆயுதம் என்பர். விருந்தியல் நோக்கில் பார்த்தால் அது மறந்து வைத்துவிட்டுப் போன சாமான். வந்தவர் தங்கினார், கிளம்பினார், கோடரியை விட்டுவிட்டார். இன்றும் விருந்தாளி போன பிறகு செல்போன் சார்ஜரும், மூக்குக் கண்ணாடியும், ஒற்றைச் சாக்ஸும் தென்புறநகர் வீடுகளில் கிடைத்தபடியே இருக்கின்றன. வேறுபாடு ஒன்றுதான்: கற்கால மனிதர் ஊர் போய்ச் சேர்ந்து, "அதைக் கொஞ்சம் கூரியர்ல போட்டுருங்க" என்று போன் செய்யவில்லை.

அடுத்த ஆதாரம் காற்று. 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஆரோக்கிய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து வராத காலம் அது. நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு, சாப்பாடு இவைதாம் வைத்தியம். ஆக, வெளியூர்க்காரர் தாம்பரத்துக்கு வந்து காற்று வாங்கியபடி சும்மா படுத்திருப்பது மருத்துவமாகவே நடந்திருக்கிறது. ரயில் நிலையம் ஒன்று இன்றும் சானடோரியம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. "மாடிக்கு வாங்க, காத்து பிச்சுக்கிட்டுப் போகும்" என்று வீட்டுக்காரர் விருந்தினரை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவது இந்த மரபின் எச்சம். ஜிஎஸ்டி சாலையின் புகையையும் அந்தக் காற்றே கொண்டுவருகிறது என்பதை வந்தவர் நாகரிகம் கருதிச் சொல்வதில்லை.

1938 டிசம்பரில் நடந்ததோ நம் கருதுகோளுக்கு உலகத் தரச் சான்று. சென்னை கிறித்துவக் கல்லூரி அதற்கு முந்தைய ஆண்டுதான் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்திருந்தது. சீனாவின் ஹாங்சௌ நகரில் நடப்பதாக இருந்த உலக மிஷனரி மாநாடு, ஜப்பான் தொடுத்த போரால் அங்கே நடக்க முடியாமல் இந்த வளாகத்துக்கு மாறியது. மண்டபம் மாறிய கல்யாணத்துக்கு வருவதுபோல் பல நாட்டுப் பிரதிநிதிகள் வந்து இறங்கினார்கள். மாநாட்டு அறிக்கைகள் பிறகு ‘மதராஸ் வரிசை’ என்ற பெயரில் ஏழு தொகுதிகளாக அச்சாயின. அந்தத் துறைக்காரர்களோ இன்றளவும் அதைத் ‘தாம்பரம் 1938’ என்றே குறிப்பிடுகிறார்கள். அழைப்பிதழுக்கு மதராஸ், நினைவுக்குத் தாம்பரம்.

வருகைப் படலத்துக்கு வருவோம். தென் மாவட்டத்து விருந்தினர் பொதுவாக விடியுமுன் வருபவர். நெடுங்காலம் அவருடைய இறங்குதுறை பெருங்களத்தூர். தீபாவளி, பொங்கல் முடிந்த மறுநாள் அதிகாலை அங்கே இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள், மதுரைக்குத் தெற்கே யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று கவலைப்பட்டதுண்டு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறந்தது; அதன் பின் தென்திசை பஸ்கள் கோயம்பேட்டை மறந்தன. இதன் போக்குவரத்து விளைவுகளைப் பலர் எழுதியிருக்கிறார்கள். உறவுமுறை விளைவை யாரும் எழுதவில்லை. கோயம்பேட்டில் இறங்கி அரும்பாக்கத்து அத்தை வீட்டில் பல்லாண்டுகளாகத் தங்கி வந்தவர்களுக்கு, தாம்பரத்தில் ஒரு தம்பி இருப்பது சட்டென்று ஞாபகம் வந்தது. "இனிமே உங்க வீடுதான்டா பக்கம்." அரும்பாக்கத்தார் இதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டனர்.

பேருந்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நிகழும் உரையாடல் ஒன்றை மாதிரிக்குத் தருகிறேன். நேரம் காலை நாலரை.

"மாப்ள, பஸ்ஸு நின்னுட்டு. இறங்கிரட்டுமா?"

"எங்க நிக்குது மாமா?"

"ஒரு பாலம் தெரியுது."

"எந்தப் பாலம் மாமா?"

"பெரிய பாலம்தான்."

வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய எல்லாவற்றிலும் பாலம் இருக்கிறது. எல்லாமே பெரிய பாலம்தான். மாமாவின் கூற்றில் பிழையே இல்லை, பயன்தான் இல்லை. பாலத்தைக் கண்டுபிடித்த பிறகும் தண்டவாளம் மிச்சமிருக்கிறது. தாம்பரத்தை ரயில்பாதை கிழக்கு, மேற்கு என்று அறுத்துவைத்திருக்கிறது. சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் ஒரு பக்கம். முடிச்சூர் ஒரு பக்கம். மாறி இறங்கியவர் இடம் சேர்வதற்குள் விடிந்துவிடும். லட்சுமி நகர், பாரதி நகர் என்னும் பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருப்பது, ஆட்டோக்காரருக்கும் விருந்தினருக்கும் நீண்ட கருத்துப் பரிமாற்றத்துக்கு வழி செய்கிறது.

தங்கும் படலத்தில் முதன்மையானது தண்ணீர். வந்தவர் குளிக்கப் போகுமுன் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்: "அது போர் தண்ணி, கொஞ்சம் உப்பா இருக்கும்." இதில் ‘கொஞ்சம்’ என்பது அளவுச் சொல் அன்று, ஆறுதல் சொல். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த தலைமுடி இரண்டாம் நாள் எழுந்து நிற்கும். குடிக்கக் கேன் தண்ணீர். விருந்தினர் எத்தனை நாள் தங்கினார் என்று காலண்டரைப் பார்த்துச் சொல்வது பழைய முறை; எத்தனை கேன் தங்கினார் என்பதே துல்லியமான கணக்கு. வீட்டம்மா வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் கேன் பையனிடம் போனில், "இந்த வாரம் ரெண்டு சேர்த்துப் போடுப்பா, ஊர்லேருந்து வந்திருக்காங்க" என்று சொல்லும்போது குரல் உள்ளறைவரை கேட்கும். கேட்க வேண்டும் என்றே சொன்னாரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

படுக்கையைப் பொறுத்தவரை ஒரே சடங்கு. ஏசி அறையை விருந்தினருக்கு விட்டுக்கொடுப்பார்கள், அவர் "எனக்கு ஏசி ஒத்துக்காது" என்பார், வற்புறுத்துவார்கள், மறுப்பார், கடைசியில் அவர் ஹாலில் பாயில் படுப்பார், வீட்டார் அனைவரும் ஏசி அறையில் தூங்குவார்கள். இருவருக்கும் திருப்தி. கொசுக்களுக்கும்.

பம்மல், அனகாபுத்தூர்ப் பக்கம் தங்குபவருக்கு விமானம் ஒரு கூடுதல் உபசாரம். முதல் நாள் பிள்ளைகளோடு மாடிக்கு ஓடி அண்ணாந்து பார்ப்பார்கள். இரண்டாம் நாள் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பார்கள். மூன்றாம் நாள் விமானம் போகும்வரை பேச்சை நிறுத்திவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். இந்தப் பக்குவம் வந்துவிட்டால் விருந்தினர் கிளம்ப வேண்டிய நாள் வந்துவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் வருபவரிடம் மட்டும், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதியில் 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்வார்கள். சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கையால் காட்டுவார்கள். அந்தக் கை பொய் சொல்லாது. அதில் வேடிக்கையும் இல்லை.

வெளியே அழைத்துப் போகும் கட்டத்தில்தான் கருதுகோள் இறுதிச் சோதனைக்கு வருகிறது. தி.நகர் என்றால் வீட்டுக்காரர் கூட வரமாட்டார்; ஸ்டேஷன்களை மனப்பாடமாக ஒப்பித்து அனுப்பிவிடுவார். "சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை. சைதாப்பேட்டை வந்ததும் எழுந்து வாசல்கிட்ட வந்துருங்க. அடுத்தது மாம்பலம்." கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அன்றிலிருந்து இன்றுவரை, விருந்தினரைத் தனியே அனுப்ப இதைவிட நல்ல ஏற்பாடு தாம்பரத்தாருக்குக் கிடைக்கவில்லை. குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய் என்பதால் டிக்கெட்டையும் தாமே எடுத்துக் கொடுத்துப் பெருமை தேடிக்கொள்கிறார்கள்.

வண்டலூர் என்றால் மட்டும் கதை வேறு. வீட்டுக்காரரே முந்திக்கொண்டு கிளம்புவார், மதியத்துக்குப் புளிசாதமும் கட்டுவார். 1855இல் தொடங்கி நகருக்குள் பார்க் டவுனில் இருந்த மிருகக்காட்சி சாலை, இடம் போதாமல் 1985இல் இங்கே குடிவந்தது. தாம்பரத்தார் பலரும் குடிவந்த காரணம் அதுவே என்பதால் ஒரு பாசம். தவிர, அது எதிர்த்திசையில், பக்கத்தில் இருக்கிறது. போய்வந்துவிட்டால் சென்னையைச் சுற்றிக் காட்டிய கணக்கிலும் சேரும்.

ஆகவே தென்மாவட்ட உறவினர்களுக்கு இந்த ஆய்வின் பரிந்துரை: பஸ் ஏறுமுன் கிழக்கா மேற்கா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் கொண்டுவாருங்கள். சார்ஜரைப் பையில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். செவ்வாய்க்கிழமை வண்டலூர்ப் பூங்காவுக்கு விடுமுறை. அன்று வீட்டுக்காரரை எதுவும் கேட்காதீர்கள்.