உறைமோர்க் கடன்: திருப்பூர் லைன் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டில் பீர் காய்ச்சும் மேல்நாட்டார் ஈஸ்ட்டை நேராக அண்டாவில் கொட்டுவதில்லை. சின்னக் குடுவையில் இனிப்புக் கஞ்சி கொடுத்து வளர்த்து, அது தெம்பாக நுரைத்த பிறகே சேர்க்கிறார்கள். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து வளர்த்ததிலிருந்து அது ஒரு சாத்திரமாகவே ஆகிவிட்டது. இங்கே அதைச் செய்துபார்த்தால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வாசலில் வந்து நிற்கும். ஆகவே சட்டம் கண்டுகொள்ளாத கிருமிப் பண்ணையான உறைமோரை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது.

உறையின் பெருமையைத் திருப்பூருக்கு விளக்க வேண்டியதில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் உயிரியல் தொட்டியைப் புதிதாக ஓட்டத் தொடங்கும்போது, ஏற்கெனவே ஓடுகிற நிலையத்திலிருந்து சேற்றை வாங்கி வந்து ஊற்றுவதுண்டு, சாணியும் கரைப்பார்கள். அதுவும் உறை ஊற்றுவதுதான். டம்ளருக்குப் பதில் டேங்கர்.

ஆய்வுக்களம், நான் குடியிருக்கும் எட்டு வாசல் காம்பவுண்டு. தயிர்க் கிருமி ஒன்றை 1905-இல் ஜெனீவாவில் கண்டுபிடித்தவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர். எங்கள் காம்பவுண்டில் அந்தக் கிருமி குடியிருப்பது ஏழாம் நம்பர் அக்கா வீட்டில். அன்றன்றைய தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைச் சோற்றில் போடுவார். மூன்று நாள் பழசான புளிப்புத் தயிரை உறையாகக் கேட்டு வாங்கிப் போனவர்கள் மறுநாள் தண்ணீரும் கட்டியுமாய் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், "உறை செத்துப் போச்சுங்க" என்பார். ஆய்வகம் சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

பால் காய்ந்து ஆறி, சுண்டுவிரல் தாங்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கிற பாலில் ஊற்றினால் கிருமி வெந்துவிடும். சில்லிட்ட பாலில் அது தூங்கும். அரை லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போதும். அள்ளி ஊற்றினால் விடிவதற்குள் புளிக்கும். மார்கழியில் மட்டும் அக்கா, எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன 280 ஜிஎஸ்எம் பிளீஸ் ஹூடியைப் பாத்திரத்துக்கு மாட்டிவிடுவார். தொப்பி மூடி, கயிறு இழுத்து முடிச்சு. ஐரோப்பியக் குளிருக்குத் தைத்த துணி. வேறெங்கே போய் அதன் தரத்தைச் சோதிப்பது?

சிக்கல் வேறிடத்தில். விளக்கு வைத்த பிறகு தயிர் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்பது மரபு. ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஓவர்லாக் மிஷினிலிருந்து எழுந்து வர எட்டாகிறது. பனியன் கம்பெனி நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் மரபு எழுதப்பட்டிருப்பது இத்துறையின் பெருங்குறை. இதற்குத் தீர்வு கண்டவர், மூன்றாம் நம்பரில் குடியிருக்கும் பீகார்ப் பெண். உறையை அவர் 'ஜாமன்' என்பார். கையில் ஒரு கரண்டிப் பாலோடு வந்தார்; அதை ஊற்றிவிட்டுத் தயிர் வாங்கிப் போனார். கொடுக்கல் இல்லை, மாற்றுத்தான். அக்கா லட்சுமியின் சார்பில் சம்மதித்தார்.

இவ்வாய்வாளரின் பிரிட்ஜில் இருந்த உறை போன ஞாயிற்றுக்கிழமை செத்துவிட்டது. அக்கா, இன்றைக்கு எட்டேகாலுக்கு டம்ளரும் பாலுமாக வருகிறேன், கதவைச் சாத்திவிடாதீங்க.