ஒரு வார லேகியம்

கேள்வி: கொல்லிமலை மூலிகை லேகியத்தை ஒரு வாரம் உண்டால் புத்திரபாக்கியம் நிச்சயம் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: அம்மலையேற 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டியிருப்பதுபோலவே, புருஷ பீஜம் உற்பத்தியாகிப் பக்குவமடையவும் ஏறக்குறைய 70 தினங்கள் வேண்டியிருக்க, ஒரே வாரத்தில் சித்தி என்று உரைப்பவர் வளைவே இல்லாத வேறேதோ மார்க்கத்தில் ஏறியவராதல் வேண்டும். அங்கே விளையும் சாமையும் கேழ்வரகும் தேகபுஷ்டிக்கு உத்தமமான ஆகாரமே. ஆனால் மூட்டுவலிக்கென்று சூப்பு வைக்கப்படும் அம்மலை முடவாட்டுக்கால் கிழங்கிடம் சந்தானத்தையும் கேட்பது அநியாயம். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில் குறை கணவனிடமும் இருக்க, லேகியமோ மனைவிக்கே ஊட்டப்படுகிறது! ஓராண்டு, மனைவி 35 வயதைக் கடந்தவரானால் ஆறு மாதம், முயன்றும் கருத்தரிக்காவிடில் இருவருமாக வைத்தியரிடம் செல்லுங்கள். பெயர்ச்சீட்டில்லாத லேகிய டப்பாவை, ஈயமும் பாதரசமும் கலந்திருக்கக்கூடுமாதலால், திறக்காதீர்கள்.