பசை துறந்தவர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. சாமானிய மனிதர்கள் எலுமிச்சம் பழத்தை முகர்ந்துகொண்டும், குலதெய்வத்தை ஸ்மரித்துக்கொண்டும் அவற்றைக் கடந்து செல்ல, நான் இங்கே வர்ணிக்கப் புகுந்த பெருந்தகை மட்டும், வளைவுக்கு ஒரு பண்டமாக, தாம் உண்ணாதவற்றின் ஜாபிதாவைச் சகபிரயாணிகளுக்கு ஒப்பித்துக்கொண்டே வருவார். ஐந்தாவது வளைவில் பரோட்டா போகும். ஒன்பதாவதில் பிரெட்டும் பன்னும் போகும். பதினான்காவதில் சேமியா பாயசம் போகும். மேலே சென்று ஏரிக்கரையின் குளிர்ந்த காற்று முகத்தில் படும் வேளையில், கோதுமை என்ற தானியத்தையே பூரணமாகத் துறந்து, ஏறத்தாழ ஒரு ஜீவன்முக்தராக அவர் காட்சியளிப்பார்.

விஷயம் இதுதான். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் சீமைத் தானியத்திலும் குளூட்டன் என்றொரு புரதம் உண்டு. பரோட்டா மாஸ்டர் வீசி அடிக்கும் மாவு கிழிந்து போகாமல் மல் வேட்டிபோல் விரிந்து கொடுப்பது அதன் உபயமே. லத்தீன் பாஷையில் அந்தச் சொல்லுக்குப் பசை என்று அர்த்தம். ஆதலால் நம்மவரைப் பசை துறந்தவர் என்று அழைப்பதில் பிழையில்லை. ஆனால் தமிழில் ‘பசையுள்ள ஆசாமி’ என்பதற்கு வேறொரு பொருளும் உண்டல்லவா? தண்ணீர்ச் சறுக்கும், கயிற்றுப் பாலமும், ராட்டினமும் கூடிய உல்லாச விடுதியில் நான்கு நாள் குடும்பத்தோடு தங்கி, வேளைக்கொரு தனிச் சமையல் கேட்க வேண்டுமானால், இலையில் பசை இல்லாவிட்டாலும் மடியில் அது இருந்தாக வேண்டும்.

வேண்டாமென்று சொல்லும் கலை நமக்குப் புதிதன்று. ஏகாதசியன்று அரிசியைத் தள்ளிவிட்டு, கோதுமை ரவை உப்புமாவைப் பலகாரம் என்ற பெயரால் வயிறு புடைக்க உண்ட பாட்டனார்களும், காசி வரையில் கட்டுச்சாத மூட்டையோடு ரயிலேறிய பாட்டிமார்களும் வாழ்ந்த தேசம் இது. 1960-களில் அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டு, அமெரிக்கக் கோதுமை ரேஷன் கடைக்கு வந்தபோது, முகத்தைச் சுளித்துக்கொண்டே சப்பாத்தி இடப் பழகினோம். பிறகு சர்க்கரை வியாதி வந்து, “ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி” என்ற டாக்டர் வாக்கு வேதவாக்காயிற்று. தகப்பனார் அரிசியை விட்டுக் கோதுமைக்குப் போனார். பிள்ளையாண்டான் கோதுமையை விட்டு அரிசிக்குத் திரும்புகிறார். இந்தப் போக்குவரத்தில் வண்டிச் சத்தம் வைத்தியருக்கே சேர்ந்தது.

சென்ற கோடை விழாச் சமயம், விடுதியின் காலைப் பலகாரக் கூடத்தில் நம் பெருந்தகையை நான் தரிசித்தேன். குழந்தைகள் சறுக்குமரத்துக்கு ஓடிவிட்டன. சகதர்மிணி ஜன்னல் வழியே சில்வர் ஓக் மரங்களின்மேல் படர்ந்திருந்த மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ, ஆவி பறக்கும் இட்லித் தட்டை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்து, பரிமாறும் பையனை அழைத்தார்.

“தம்பி, இதில குளூட்டன் இருக்கா?”

“அப்படீன்னா என்னங்க சார்?”

“கோதுமை, மைதா ஏதாச்சும் கலந்திருக்கான்னு கேக்கறேன்.”

“இட்லி அரிசியும் உளுந்துந்தானுங்க சார்.”

“நிச்சயமா தெரியுமா? மாஸ்டரைக் கூப்பிடு.”

மாஸ்டர் கரண்டியும் கையுமாக வந்து சத்தியம் செய்தார். அடுத்துப் பொங்கல் கூண்டேறிற்று. தேங்காய்ச் சட்னி சாட்சி சொல்லிற்று. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் கொண்டுவந்து சேர்த்த காப்பிகூட அந்த விசாரணைக்குத் தப்பவில்லை. இவ்வளவையும் நடத்தி முடித்த களைப்பில், “சரி, வம்பே வேண்டாம், முறுகலா ரெண்டு ரவா தோசை கொண்டுவா” என்றார் அவர்.

“ஏங்க, ரவைன்னா கோதுமைதானே?” என்றார் சகதர்மிணி.

“அது தோசை. நீ சும்மா இரு.”

சும்மா இருந்தார். அன்றிரவு தீ மூட்டி, பாட்டுப் போட்டு, பீர் வழங்கினார்கள். பெயரிலேயே கோதுமையைச் சுமந்துகொண்டிருக்கும் வாற்கோதுமை, அதாவது பார்லி, அந்தப் பானத்துக்கு மூலதாதுவாயிற்றே என்ற சிந்தனையின் நிழல்கூடப் படாத திருமுகத்தோடு நம்மவர் இரண்டு புட்டிகளை முடித்ததற்கு நானே சாட்சி.

பரிதாபம் என்னவென்றால், பசையில்லாத உணவைத் தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடமே அதன் தாய்வீடு. மலைக்குக் கீழே சேலம், ஜவ்வரிசியின் ராஜதானி. மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்கிற உற்பத்தியாளர்களுக்கென்று 1981 முதல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே அங்கே இருக்கிறது. சேலத்து வீதிகளில் மாலை வேளையில் விற்கும் தட்டுவடை செட் அரிசி மாவுத் தட்டையும், சட்னியும், துருவிய பீட்ரூட்டும் காரட்டுமே. மலைமேல் சேர்வராயன் கோயிலைச் சுற்றிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு உண்ட சாமையிலும் தினையிலும் கேழ்வரகிலும் குளூட்டன் அறவே கிடையாது. சாமைச் சோறு ஒரு கவளம் கேட்டிருந்தால் மாஸ்டர் மகிழ்ந்திருப்பார். நம்மவர் கேட்டதோ, கோதுமை இல்லாத பீட்ஸா.

மறுநாள் மத்தியானம் அதே கூடத்துக்கு ஓர் அம்மாள், ஏழெட்டு வயதுப் பெண்குழந்தையோடு வந்தார். யாரையும் உரக்க அழைக்கவில்லை. அடுக்களை வாசலுக்கே சென்று, தாழ்ந்த குரலில் இரண்டே கேள்விகள் கேட்டார்: “சாம்பாருக்கு எந்தப் பெருங்காயம் போடறீங்க? தோசைக்கல்லில சப்பாத்தியும் போடறீங்களா?” கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் பிசினோடு மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம், அந்த மாவு சிலவற்றில் அரிசி, சிலவற்றில் கோதுமை. மாஸ்டர் டப்பாவை எடுத்துக் கொடுக்க, அம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைப் படித்துவிட்டு, சாம்பார் வேண்டாமென்றார்.

அந்தக் குழந்தைக்குச் சீலியாக் நோய். கோதுமைத் துணுக்கு சிறிது உள்ளே சென்றாலும் சிறுகுடலின் உட்சுவர் புண்படும். ஆயுள் முழுவதும் பத்தியமே மருந்து. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து தேசத்தில் கொடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி அருகியபோது, இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மறுபடி வாடியதையும் கண்டு, டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமையே காரணமென்று உறுதி செய்தார். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கக் கூடாதென நம் நாட்டு விதியே சொல்கிறது. இருபது மில்லிகிராம் என்பது மூக்குப்பொடி போடுகிறவர் இரு விரலால் எடுக்கும் சிட்டிகையிலும் சிறிது.

அம்மாள் அடுக்களையிலிருந்து திரும்பிய கணத்தில், முந்திய நாள் இட்லிக்கு ஜாமீன் கொடுத்த அந்தப் பையன் தன் கூட்டாளியிடம், “இன்னொண்ணு வந்திருச்சுடா” என்று முணுமுணுத்துச் சிரித்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ரவா தோசையைப் பார்த்தவன் அவன்.

நல்லவேளையாக மாஸ்டர் சிரிக்கவில்லை. “இந்தக் கல்லுல காலையில சப்பாத்தி போட்டோமுங்கம்மா. கொஞ்சம் இருங்க, வேற கல்லு காய வைக்கிறேன்” என்று உள்ளே போனார். குழந்தை அன்று இரண்டு தோசை சாப்பிட்டது.

ஆகவே, மலைவாசஸ்தலங்களுக்கு எழுந்தருளும் பசை துறந்த பெரியோர்களுக்கு என் விக்ஞாபனம் ஒன்றே. வியாதி இருந்தால் மாஸ்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பரோட்டாவை மௌனமாகத் துறந்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் ஒரு குழந்தை நிற்கிறது.