ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி: முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று சேர்த்த பணம். எந்த வங்கியில் போட்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்?

ஐயா, ஒரு வங்கியின் பெயரைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. பெயரை நம்பித் தூங்கியவர்கள் திடுக்கிட்டு விழித்த கதை நம் சென்னைப் பட்டணத்திலேயே நடந்திருக்கிறது. ஆர்பத்நாட் கம்பெனி என்றால் அசையாத மலை என்று எண்ணி, ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே ஒப்படைத்திருந்தார்கள். 1906 அக்டோபரில் அந்த மலை சரிந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார் என்றாலும், அவர் போனதனால் இழந்தவர்களின் முதல் மீண்டுவிடவில்லை. அந்தத் துக்கத்திலிருந்து பிறந்ததுதான், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதன் பயனாக 1907 ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கிய இந்தியன் வங்கி. பிறகு 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அந்த வீழ்ச்சி எழுப்பிய பீதியின் விளைவாக, 1962 ஜனவரி முதல் வைப்புத்தொகைக் காப்பீடு என்ற பெரும் தருமம் நம் தேசத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆரம்பத்தில் அது காத்தது 1,500 ரூபாயை. 2020 பிப்ரவரி 4 முதல் காப்பது 5 லட்சம் ரூபாயை.

ஆகையால் எந்த வங்கி என்பதோடு, ஒரு வங்கியில் எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த 5 லட்சம், ஒருவருக்கு ஒரு வங்கியில், சேமிப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு, மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு எல்லாம் சேர்த்து, அசலும் வட்டியுமாகக் கணக்கிடப்படுவது. மன்னார்குடிக் கிளையில் ஐந்து, தஞ்சாவூர்க் கிளையில் ஐந்து என்று பிரித்துப் போட்டால் பஸ் கட்டணந்தான் மிச்சப்படாமல் போகும். வங்கி ஒன்றே ஆனதால் பாதுகாப்பும் ஒன்றே. நாலரை லட்சம் போட்டால் வட்டி வளர இடம் இருக்கும். மீதியை வேறு வங்கிக்குக் கொண்டு போங்கள். உங்கள் பெயரில் உள்ளது வேறு, உங்கள் மனைவியின் பெயரில் உள்ளது வேறு, இருவர் பெயரிலும் கூட்டாக உள்ளது வேறு என்றே காப்பீடு கருதுகிறது. அகல உழுவதைவிட ஆழ உழு என்பது வயலுக்குச் சொன்னது. பணத்துக்கு அகலமே நன்று. இந்தக் காப்பீட்டுக்கான கட்டணத்தை வங்கிதான் கட்டுகிறது, நீங்கள் ஒரு காசும் கட்டுவதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17-இல் தடை விதிக்கப்பட்டபோது, கணக்கு வைத்திருந்தவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்தே நாளில், 27-ஆம் தேதி, அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டு, வைப்பாளர்களின் பணம் முழுதும் பத்திரமாகக் கைக்கு வந்தது. ஆனால் அதே வங்கியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அவற்றின் மதிப்பு பூஜ்யமாயிற்று. வங்கியில் பணம் போடுவதும், வங்கியின் பங்கில் பணம் போடுவதும் ஒரே வாசல் வழியாக நுழைகிற இரண்டு வேறு காரியங்கள். கவுண்டரில் கையெழுத்திடுமுன் எந்தக் காரியத்துக்கு வந்தோம் என்று ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தரசி, திருச்சி: எங்கள் தெருமுனை நிதி நிறுவனம் 12 சதவீதம் தருகிறேன் என்கிறது, வங்கியோ அதில் பாதியைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. வங்கிக்காரர்கள் ஏன் இவ்வளவு கருமிகளாக இருக்கிறார்கள்?

அம்மா, என் அத்தைக்கும் இதே சந்தேகம் இருந்தது. தொண்ணூறுகளில், தமிழ்நாட்டின் ஊர்தோறும் பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்த காலத்தில், கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் வாசலில் சந்தனக் கிண்ணமுமாக விளங்கிய ஒரு நிறுவனத்தில், மாமா இறந்தபின் கிடைத்த பணம் அனைத்தையும், இரண்டு வருஷ மாத வட்டி தவறாமல் வந்த நம்பிக்கையிலே, கழுத்துச் சங்கிலியை விற்ற தொகையையும் சேர்த்து, அவள் போட்டாள். ஒரு நாள் காலையில் கண்ணாடிக் கதவில் பூட்டுத் தொங்கிற்று. ரசீதைப் பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். கடைசி வரையில் அதைக் கிழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவளைப் போன்ற எத்தனையோ பேருடைய கண்ணீருக்குப் பிறகே, 1997-இல் வைப்பாளர் நலன் காக்கத் தமிழ்நாடு தனிச் சட்டம் செய்தது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் அத்தைக்குச் சங்கிலி வரவில்லை.

மேலதிக வட்டி என்பது, உங்கள் பணத்துக்கு நேரக்கூடிய அபாயத்துக்கு அவர்கள் முன்கூட்டியே தருகிற கூலி. நிதி நிறுவனங்கள், நிதிகள், சீட்டுக் கம்பெனிகள் ஆகியவற்றில் யோக்கியமானவையும் பல உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவற்றில் போடும் பணத்துக்கு நான் மேலே சொன்ன காப்பீடு இல்லை. கூட்டுறவு நகர வங்கிகளுக்கு உண்டு. கிராமத்தின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இல்லை. ஆகவே, எந்த வாசலில் ஏறினாலும், "வைப்புத்தொகைக் காப்பீடு உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நேராக "உண்டு" என்று சொல்லிச் சான்றைக் காட்டினால் உட்காருங்கள். தேநீர் வரவழைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மனம் எதிலும் ஒப்பவில்லை என்றால் அஞ்சலகச் சேமிப்பு இருக்கிறது. அதற்கு மத்திய அரசாங்கமே பிணை.

மென்பொருள் பணியாளர், கோவை: பால் வாங்குவதிலிருந்து வாடகை கொடுப்பது வரை எல்லாம் கைப்பேசியிலே முடிகிறது. எனக்குக் கிளை எதற்கு, மேனேஜர் எதற்கு?

தம்பி, காரியம் நடக்கிற நாளில் உங்களுக்கு ஒருவரும் வேண்டாம். நடக்காத நாளுக்குத்தான் மனிதர் வேண்டும். கணக்குத் தொடங்குமுன் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள்: அந்த வங்கியின் உதவி எண்ணை ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு அழைத்து, அட்டையை முடக்க எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று கேளுங்கள். ஒரு மனிதக் குரல் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதே அந்த வங்கியின் ஜாதகம்.

பணம் களவு போனால் நேரந்தான் பிராணன். தவறு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை, மூன்றாம் ஆள் புகுந்து செய்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு நஷ்டம் ஏதுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே விதித்தது. நாள் ஏற ஏற உங்கள் பொறுப்பும் ஏறும். ஓடிபியை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு குறைந்துபோகும். அப்போதும் இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் மறைத்தால் திருடனுக்கு அந்த ஒரு மணி நேரத்தையும் பரிசாகக் கொடுத்தவராவீர்கள். வங்கி உங்கள் புகாருக்கு 30 நாளில் பதில் சொல்லவில்லை என்றாலோ, சொன்ன பதில் நியாயமாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

மளிகைக்கடைக்காரர், விருதுநகர்: எங்கள் மேனேஜர் தங்கமான பிள்ளை. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். சரிதானே?

தங்கத்தையும் உரசிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்! நிரந்தர வைப்பு என்று நினைத்து நீங்கள் போட்ட கையெழுத்து, வருஷா வருஷம் பிரீமியம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டில் போய் நிற்கக்கூடும். அப்படி நின்றிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இன்றைக்கே கல்லாப்பெட்டியைத் திறந்து தேதியைப் பாருங்கள்.

வாசகி, மதுரை: வங்கியில் நாமினி பெயர் எழுதச் சொன்னால், "என்னை அனுப்பிவைக்க அவ்வளவு அவசரமா?" என்று என் கணவர் கோபிக்கிறார். என்ன செய்வேன்?

முதலில் உங்கள் கணக்கில் அவர் பெயரை எழுதிவிட்டு, அந்தப் பாஸ்புத்தகத்தை அவர் கையிலே கொடுங்கள், சகோதரி. அவர் கோபம் பாதி அங்கேயே தணியும். மீதிக்கு இதைச் சொல்லுங்கள்: நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரேயன்றி, அதனாலேயே சொத்துக்கு முழு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை எழுதலாம் என்பதால், உங்கள் பெயரோடு பிள்ளைகள் பெயரையும் சேர்த்துவிட்டால் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

பெயர் எழுதாமல் போன குடும்பங்களில், துக்கம் ஆறுமுன்னே வாரிசுச் சான்றிதழுக்கும் அத்தாட்சிப் பத்திரத்துக்கும் அலைந்து, கிளைக்கும் தாசில்தார் அலுவலகத்துக்குமாகச் செருப்புத் தேய்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து வருஷம் யாரும் கேளாமல் கிடக்கிற வைப்பு ரிசர்வ் வங்கியின் பராமரிப்பிலுள்ள நிதிக்குப் போய்விடும். பிறகும் உரியவர் கேட்டால் கிடைக்கும், ஆனால் அப்படி ஒரு கணக்கு இருந்ததே அந்த உரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! உங்கள் கணவர் சாப்பிட்டு முடித்த நல்ல வேளையாகப் பார்த்துப் பேசுங்கள்.

ஒரு தாய், சேலம்: மகளுக்கு முதல் சம்பளம் வரப்போகிறது. எப்படிக் கணக்கு வைப்பது?

சம்பளம் வருகிற வங்கி ஒன்று. அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு வங்கியில், மூன்று மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கொள்ளுகிற சிறு சேமிப்புக் கணக்கு மற்றொன்று. ஒரு வங்கிக்குத் தடை வந்தாலும், அதன் கணினி ஒரு பகல் முழுதும் படுத்துவிட்டாலும், குழந்தை பட்டினி கிடக்க வேண்டாம். இரண்டாவது கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கையே கேட்டு வாங்கலாம். அதை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பாஸ்புத்தகம் வாங்கப் போகிற அன்று நீங்களும் அவளோடு போங்கள், அம்மா. ஆனால் கேள்விகளை அவளே கேட்கட்டும்.