தாராளமாப் போடு கையெழுத்து

ஏங் கண்ணு, பேங்குக்காரர் காயிதத்தை நீட்டறாராம், நீ ரோசனை பண்றயாமா? தாராளமாப் போடு. காலணா செலவில்லைன்னு சொல்றாருல்ல! செலவில்லாம நமக்குக் கெடைச்சது தோட்டத்துக் கரண்ட்டு ஒண்ணுதான். அதுவும் பாதி ராத்திரிக்கு வருது.

உன்ற பெரியப்பனும் இப்படித்தான் போட்டான். 2007 கடைசியில டாலரு 39 ரூவாய்க்கு எறங்கிருச்சு. திருப்பூர்ல பனியன் ஏத்துமதிக்காரனெல்லாம் கையில ஆர்டர வச்சுக்கிட்டே அழுதான். நேரம் பாத்து டை கட்டுன தம்பி ஒருத்தரு வந்தாரு. டாலருக்கு இத்தனை சுவிஸ் பிராங்குன்னு ஒரு கோடு. வெல அதத் தொடாத வரைக்கும் உங்களுக்குக் காசு, தொட்டா எங்களுக்கு. "தொடவே தொடாதுங்"னாரு. பெரியப்பன் சுவிட்சர்லாந்துக்கு ஒரு கோவணத்துணிகூட அனுப்புனதில்ல. ஆனாலும் போட்டான்.

2008 மார்ச்சுல டாலரு அந்தக் கோட்டத் தொட்டு, ஒரு பிராங்குக்கும் கீழ போயிருச்சு. அமெரிக்காவுல வீட்டுக்கடன் முங்குனதும், ஒலகமே பயந்துபோயி பிராங்க வாங்கிப் பூட்டி வச்சுக்கிச்சு. சுவிட்சர்லாந்து என்ன அத்தாப் பெரிய நாடா? நம்ம கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு மூணு ஜில்லா சனத்தைக் கூட்டுனா அந்த நாட்டுக்கு ஏறக்குறையச் சரியாப் போயிரும். காசு ஏறுதேன்னு அவங்களும் நிம்மதியா உக்காந்திருக்கல. அந்த வருசம் அக்டோபர்ல அவங்கூரு யூபிஎஸ் பேங்கையே அரசாங்கம் 600 கோடி பிராங்கு போட்டு முட்டுக்குடுத்துது. 2009-ல நாட்டோட உற்பத்தி சுமார் 2 சதவீதம் எறங்குச்சு. அதையெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. உன்ற பெரியப்பன் கம்பெனியில எவ்வளவு எறங்குச்சுன்னு தெரியோணும்னா, தையல் மிசினு வித்த கணக்கு நோட்டு பெரியம்மாகிட்ட இருக்குது.

கோர்ட்டுக்குப் போலாமுங்கறயா? போனாங்களே! நம்ம கோயமுத்தூரு ராஜஸ்ரீ சுகர்ஸ் கம்பெனி, இதே மாதிரி பிராங்கு ஒப்பந்தத்தச் சூதாட்டம்னு மெட்ராஸ் ஐகோர்ட்டுல சொல்லிப் பாத்துச்சு. 2008 அக்டோபர்ல தீர்ப்பு: சூதாட்டம் இல்ல. சேவக்கட்டுன்னா போலீசு வரும் கண்ணு, இதுக்கு வக்கீலு நோட்டீசுதான் வரும்.

பேங்குகள ஆருமே கேக்கலைன்னும் சொல்ல முடியாது. இந்த யாவாரத்துல விதிய மீறுனதுக்கு 2011-ல ரிசர்வ் வங்கி 19 பேங்குகளுக்கு அவராதம் போட்டுது. 5 லட்சத்துல இருந்து 15 லட்சம் வரைக்கும். கோடி இல்ல, நீ சரியாத்தான் கேட்ட.

அதனால தைரியமாப் போடு. போடறதுக்கு முன்னால உன்ற பேங்குக்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: தொடாதுன்னு இத்தனை உறுதியாச் சொல்றாரே, அவரு சம்பளத்துல எவ்வளவ அதுல கட்டியிருக்காரு? கட்டியிருந்தா ஓடியா, பேனா நான் தர்றேன்.