துரை கடித்த சுங்கான்

புகைபிடிக்கும் வழக்கம் இல்லாதவர்களே பழைய சுங்கானுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்பது, இந்த வர்த்தகத்தில் சில காலம் கைநனைத்த எனக்கு விளங்கிய முதல் தத்துவம். பொது இடத்தில் புகைப்பதை உயர்நீதிமன்றம் 1999-ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்ட கேரள ராஜ்யத்தில், சுங்கானுக்கு இன்று எஞ்சியிருக்கும் பிரயோஜனம், அதைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர் ஏதோ கனமான விஷயத்தை யோசிக்கிறார் என்று பிறர் நம்புவது ஒன்றுதான்.

வஸ்து மட்டமானதல்ல. மத்தியதரைக் கடலோரத்துப் புதர்ச்செடி ஒன்றின் வேர்முண்டைப் பிரான்சு தேசத்துச் செயின்ட் கிளாட் போன்ற ஊர்களில் கடைந்தெடுத்த கிண்ணமும், ரப்பரோடு கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய எபொனைட் வாய்க்குழலுமாக அது உருவாகிறது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி ஏற்பட்ட பின் மூணாறு மலைக்குத் தேயிலை வளர்க்க வந்த துரைமார், ஹைரேஞ்ச் கிளப்பின் மதுச்சாலைச் சுவரில் தங்கள் தொப்பிகளை மாட்டிவிட்டுப் போனார்கள் என்பது பிரசித்தம். சுங்கான்களை மட்டும் மூணாற்றுப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள் என்பது, அவரே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"இது தொரை வெச்சிருந்த பைப்பு சார்."

"எந்தத் துரை?"

"அப்போ இருந்த தொரைதான்."

இந்தப் பதிலில் பிழை கண்டுபிடிக்க எவராலும் இயலாது. கிண்ணத்தின் உட்புறம் கரி அப்பி, வாய்க்குழல் பச்சை பூத்து, அதன் நுனியில் மேலே இரண்டும் கீழே ஒன்றுமாகப் பல்தடம் பதிந்த உருப்படி ஒன்றை வாங்கினேன். பச்சை நிறம் மலைப்பனியின் மகிமை என்றார் அவர்; வெளிச்சம் பட்டால் எபொனைட் அப்படித்தான் நிறம் மாறும் என்று சொல்லி அவருடைய பனியைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதைப் பாலக்காட்டில் விற்பதாக உத்தேசம். மறையூரைத் தாண்டும்போது வெறும் சின்னத் துரையாக இருந்தவர், உடுமலைப்பேட்டையில் நான் காப்பி குடித்த நேரத்தில் பெரிய துரையாகி, பொள்ளாச்சியில் பஸ் மாறியபோது ஜெனரல் மானேஜராகவே உயர்ந்துவிட்டார். கம்பெனி உத்தியோகத்தில் இத்தனை துரிதமான பதவி உயர்வு வேறு எவருக்கும் வாய்த்திராது.

நூறணி அக்கிரகாரத்து நண்பர், ஆயுளில் பொடிகூடப் போடாத ஓய்வுபெற்ற பாங்கு அதிகாரி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்க்குழலைச் சுழற்றிப் பார்த்தார்.

"ஓய், இது ஆரு கடிச்சதாக்கும்?"

1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்று ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது சரித்திரம். அதைப் பங்களா வராந்தாவில் நின்று பார்த்த ஒரு துரை, பதைப்பில் பல்லைக் கடித்திருக்கக்கூடும் என்பது என் அனுமானம். சரித்திரத்தை உரக்கவும் அனுமானத்தைச் சற்றே மெதுவாகவும் சொன்னேன். நண்பர் பேரம் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார். அத்துடன், தம் மைத்துனருக்கும் ஒன்று வேண்டும், ஆனால் கடி அவசியம் இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மறுபடியும் மலையேறி, வியாபாரியிடம் விஷயத்தைப் பிரஸ்தாபித்தேன். வழவழப்பான சுங்கான்கள் நிறைந்த தட்டைத் துழாவிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"கடி உள்ளது இப்போ கையில இல்ல சார். ரெண்டு நாள் கழிச்சு வாங்க. எத்தனை பல்லு வேணும்?"