மாமா பதில்கள்: பத்து மணியாகியும் திறக்காத கதவு

கேள்வி (ரூம் பாய், உக்குவளை): கதவைத் திறந்தால் விருந்தாளி பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார். முதல் போன் முதலாளிக்கா, பொலிசுக்கா?

பதில்: 1990க்கு, தம்பி. சுவசெரிய அம்புலன்ஸ், காசு கேட்காது. ‘போயிட்டார்’ என்று சொல்வது டாக்டர் வேலை. உன் வேலை அவரைத் தரையில் இறக்கி, நடுநெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டராவது அமுங்க அழுத்துவது. கட்டிலில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மாத்தளை ஆஸ்பத்திரி கிட்டத்தானே என்று ஆட்டோவில் ஏற்றாதே. குலுங்குகிற ஆட்டோவில் நெஞ்சை யார் அழுத்துவது?

கேள்வி (மனேஜர், மாத்தளை): டாக்டர் இறந்துவிட்டார் என்று சொன்ன பிறகு அறையைக் கழுவலாமா?

பதில்: 119க்குச் சொல்லி, அறையைப் பூட்டி, வாசலில் ஆள் நிறுத்துங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இப்படியான மரணத்துக்கு விசாரணை கேட்கிறது. பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பை திடீர் மரண விசாரணை அதிகாரியோடு பேசும். கழுவினால் ஊமை.

கேள்வி (ரிசப்ஷன் பெண், உக்குவளை): பக்கத்து அறைக்காரர் கேட்டால் ‘மாரடைப்பு’ என்று சொல்லிவிடவா?

பதில்: 2007 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தின்போது பாகிஸ்தான் பயிற்சியாளர் பொப் வுல்மர் கிங்ஸ்டன் ஹோட்டல் அறையில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்து இறந்துபோனார். மார்ச்சில் பொலிஸ் கொலை என்றது, ஜூனில் இயற்கை மரணம் என்றது, நவம்பரில் ஜூரிகள் முடிவே சொல்லவில்லை. அவர்களுக்கே எட்டு மாதம் போதவில்லை, மகளே. ‘ஓர் அவசரம், கவனிக்கிறோம்’ போதும்.

கேள்வி (சமையற்காரர், உக்குவளை): ஒரே மாடியில் இரண்டு பேருக்கு வாந்தி. என் கறியைத்தான் சந்தேகப்படுகிறார்கள்!

பதில்: அறையையும் சந்தேகப்படட்டும். 2025 பெப்ரவரியில் கொழும்பு விடுதியொன்றில் வெளிநாட்டுப் பெண்கள் இருவர் இறந்தார்கள். சந்தேகம் மூட்டைப்பூச்சிக்கு அடித்த நச்சுப்புகை மேல். முதலில் அந்த மாடியில் இருப்பவர்களை வெளியே எடுங்கள். எந்த அறைக்கு என்றைக்கு என்ன அடித்தீர்கள் என்ற கொப்பி அம்புலன்ஸ்காரர் கைக்குப் போகட்டும். மூட்டைப்பூச்சியைக் கொல்லப்போய் மூட்டையோடு வந்தவரைக் கொல்லக்கூடாது.

கேள்வி (முதலாளி): சாவுக்கெல்லாம் ஒத்திகையா? அபசகுனம்!

பதில்: தீயணைக்கும் சிலிண்டர் மாட்டினீர்களே, ஹோட்டல் எரிந்ததா? பள்ளிவாசல், பன்சல, கோவில், சேர்ச், தூதரக நம்பர்களையும் மேசையில் ஒட்டுங்கள். ஜனாஸா என்றால் சீக்கிரம் அடக்கவேண்டும் என்பதைப் பொலிசிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

கேள்வி (ஒரு தாய், உக்குவளை): பிரேதத்தை முதலில் கண்டது என் மகன். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஹோட்டலில் வரச்சொல்கிறார்கள்.

பதில்: விருந்தாளிக்கு அம்புலன்ஸ் வந்தது, பிள்ளைக்கு யார் வந்தார்கள்? 1926க்கு எடுத்து அவனைப் பேசவிடுங்கள். மனநல உதவி இலக்கம் அது. கொஞ்ச நாளைக்கு அந்த மாடிக்கு அனுப்பக்கூடாது. மாமா சொன்னதாக மனேஜரிடம் சொல்லுங்கள்.